வரிசையில் நின்ற புல்

நீ என்னை உன் பழைய டீச்சர் என்று சொன்னாய். திருவல்லிக்கேணியில் நீ குடியிருந்த வீட்டின் மாடிப்படியில் நின்று, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டே, வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னாய்: "ஊர்ல எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க." அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்பு வரை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பெற்றதும் நான்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மாள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து டம்ளரில் காப்பி கொடுத்தாள். "நல்ல குடும்பத்துப் பிள்ளைன்னு முகத்தைப் பாத்தாலே தெரியுது டீச்சர். அப்பா அம்மா நாக்பூர்ல இருக்காங்களாமே" என்றாள். நாக்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நான் காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி. உன் அம்மா என்று தெரிந்திருந்தால் அந்த டம்ளர் எனக்கு வந்திருக்காது. உனக்கும் அந்த அறை இருந்திருக்காது.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இருந்தபோது பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நீ படித்திருக்க மாட்டாய். இப்போது மனசு லேசாக இருக்கிறது. பல்வலி நின்ற மறுநாள் காலையில் நாக்கு அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்க்குமே, அந்த மாதிரி நடந்ததையெல்லாம் ஒருதரம் தடவிப் பார்க்கத் தோன்றுகிறது.

அன்று என்னைப் பஸ் ஏற்றிவிட பாரிமுனைக்கு வந்தாய். பஸ் கிளம்பும் நேரத்தில் நீயாகவே ஆரம்பித்தாய். "அம்மா, எந்த உயிரும் இடத்துக்குத் தகுந்த மாதிரி மாறித்தான் பிழைக்கும். உப்புத் தண்ணியில இருக்கிற செடி இலையைத் தடிப்பாக்கிக்கும். மணல்ல இருக்கிறது வேரை நீட்டிக்கும். நானும் அதைத்தான் செஞ்சேன். வேற என்ன செய்யணும்ங்கிற?" என்றாய். பாட்டனியில் எம்.எஸ்ஸி. படிக்கவைத்தது இந்த ஒரு பதிலுக்காகத்தானா என்று கேட்க நினைத்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அதனால் நீ சொன்னது அப்படியே என்னிடம் தங்கிவிட்டது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி இருக்கும் என் மீனவர் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நடந்து போகும்போது அதையே மென்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கரையை நீயும் பார்த்திருக்கிறாய். ராவணன் மீசை என்று ஒரு புல், முள் முள்ளாக, மணலில் ஓடி ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும். அதன் காய்ந்த முள்ளுருண்டைகளைக் காற்றில் விட்டு என் பிள்ளைகள் பந்தயம் வைப்பார்கள். உருண்டை ஓடும் வழியெல்லாம் விதை விழும். அதை ஆடு கடிக்காது, கடல் காற்றின் உப்பு அதைக் கருக்காது. சரி, அது மாறிப் பிழைத்தது, நீ சொன்னது உண்மை. ஆனால் பிழைத்துக்கொண்டு அது சும்மா இருக்கவில்லை. பறக்கிற மணலைப் பிடித்துத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறது. மூட மூட மேலே வருகிறது. வருஷக் கணக்கில் அங்கே ஒரு மேடு எழும்புகிறது. மேட்டின் மறுபக்கம் காற்று குறைந்த இடத்தில் அடப்பங்கொடி படர்கிறது, பிறகு தாழை வருகிறது, அதற்கும் பின்னால் குப்பத்துச் சனங்கள் குடிசை போடுகிறார்கள். இடத்துக்குத் தகுந்த மாதிரி செடி மாறுவதைச் சொன்னாய். செடி இருப்பதால் இடமே மாறுவதை ஏன் விட்டுவிட்டாய்? பரீட்சையில் இப்படிப் பாதி விடை எழுதியிருந்தால் நான் பாதி மார்க்தான் போட்டிருப்பேன்.

நீ செய்தது ராவணன் மீசையின் வேலை இல்லை. அது வேறொரு புல்லின் வேலை. அதைப் பற்றி நீதான் எனக்கு முதலில் விளக்கிச் சொன்னாய், கல்லூரியில் படிக்கச் சேர்ந்த புதிதில், ஒரு விடுமுறையில், வாய் ஓயாமல். நெல் வயலில் நெல்லைப் போலவே நிற்கும் புல். குதிரைவாலிக்குச் சொந்தக்காரச் செடி. புன்செய்யில் விதைத்தால் குதிரைவாலி சோறு. நன்செய்யில் தானாக முளைத்தால் அதன் சொந்தக்காரச் செடிக்குக் களை என்று பேர். பேரை வைப்பது நிலத்துக்காரன். ஆதியில் அது அகல அகலமாகப் படர்ந்து, அடித்தண்டு சிவந்து, தூரத்திலேயே அடையாளம் தெரிகிற மாதிரி இருந்திருக்கும் என்றாய். களையெடுக்கிற கை கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கியது. அதில் எது கொஞ்சம் நெல்லின் சாயலில் இருந்ததோ, நிமிர்ந்து, பச்சையாக, அது தப்பியது. தப்பியது விதை விட்டது. அடுத்த போகத்தில் இன்னும் கொஞ்சம் நெல்லைப் போல இருந்தது தப்பியது. யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை, அதுவும் ஆசைப்பட்டு மாறவில்லை. மாறாமல் இருந்ததெல்லாம் வரப்பில் காய்ந்து செத்தது. ஆயிரம் வருஷமாகப் பெண்களின் கைகளே பிடுங்கிப் பிடுங்கி அந்தப் புல்லை நெல்லாகச் செதுக்கியிருக்கின்றன. "உங்க கைதாம்மா அதுக்கு உளி" என்று சொல்லி என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

அஞ்சலைப் பெரியம்மா அன்று நம் வீட்டில்தான் இருந்தாள். நீ சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதான் இப்போ வரிசை நடவு வந்துட்ச்சே. கயிறு புட்ச்சி நட்றோம். நடுவுல மொளச்சா காட்டிக்குடுத்துடும்" என்றாள். நீ சிரித்தாய். "பெரிம்மா, அது நாற்றங்கால்லயே நாத்தோட நாத்தா மொளைக்குது. நீயே அதைப் புடுங்கி, முடி கட்டி, கொண்டாந்து, கயித்தோரமா வரிசையில நடுற" என்றாய். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நட்றதும் நானு, புடுங்கறதும் நானா? கூலி மட்டும் ஒண்ணுதானா?" என்றாள். அன்று எத்தனை சிரித்தோம்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் கழித்து, பட்டணத்துக் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனதும், நீயே வரிசையில் போய் நின்றுகொண்டாய்.

இப்போது, திருவல்லிக்கேணிக்குப் பிறகு வந்த அந்த அக்டோபர் நாளுக்கு வருகிறேன். எனக்குக் காலாண்டு விடுமுறை. என் அக்கா அஞ்சலைக்குச் சோறு கொண்டுபோனவள், வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மனம் வராமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டேன். திருக்கழுக்குன்றம் சாலையோரத்து வயல். முந்தின நாள் மழை பெய்து சேறு இளகி இருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. பெல்பாட்டம் போட்ட பையன்களும் தாவணிப் பெண்களுமாக இறங்கினார்கள். கடற்கரைச் செடி பார்க்க மாமல்லபுரம் போகிற கூட்டம், வழியில் களையெடுப்பைக் கண்டதும் உங்கள் துறைத் தலைவர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று பிற்பாடு சொன்னாய். கடைசியாக நீ இறங்கினாய். எந்த வயல் என்று தெரிந்த உடனே உன் நடை மாறியதை நான் பார்த்தேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு இன்னும் கீழே குனிந்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. பக்கத்தில் இருந்த அக்காவின் இடுப்பைக் கிள்ளி, "அவனக் கூப்டாத" என்றேன்.

"ஏன்? எம்புள்ளய நான் கூப்ட்றதுக்கு ஒனுக்கு இன்னா?"

"வாத்தியாருங்க கீறாங்க. சும்மா இரு."

"வாத்தியாருன்னா? மூக்கு தொடச்சி வுட்ட கையி இது."

"அதுக்குத்தான் சொல்றேன். சும்மா கெட."

அவள் சும்மா கிடந்தாள். ஆனால் தலையைத் தூக்கித் தூக்கி உன்னையே பார்த்தாள். கையில் சேறும் வாயில் சிரிப்புமாக. அந்தப் பக்கம் இருந்த பெண் வேறு, "அஞ்சலக்கா, ஒன் புள்ள பூட்சு போட்டுகினு வரப்புல நடக்கற அயக பாரு. இப்ப வுயும் பாரு" என்று குசுகுசுவென்று சொல்லி மற்றவர்களைச் சிரிக்கவைத்தாள். நான் சிரிக்கவில்லை.

துறைத் தலைவர் பையன்களிடம் இரண்டு செடிகளைக் காட்டி எது பயிர், எது களை என்று கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். "களையெடுக்கறவங்களையே கேப்போம்" என்று அவர் அஞ்சலையைக் கூப்பிட்டார். இத்தனை பேரில் அவளை. அவள் வரப்போரம் போனாள். இரண்டையும் வாங்கினாள். சாதாரண நாளில் அவள் கண்ணால் பார்க்கக்கூட மாட்டாள். இலை தண்டில் சேரும் இடத்தை விரலால் தடவுவாள். நெல்லுக்கு அங்கே நாக்கு மாதிரி மெல்லிய தோல் இருக்கும், அந்தப் புல்லுக்கு இருக்காது. அன்று அவள் தடவவில்லை. நீ மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாய், அவள் உன்னைப் பார்த்துக்கொண்டே ஒன்றை எடுத்து நீட்டி, "இதாங்க கள" என்றாள். நீட்டியது நெல்.

பையன்கள் சிரித்தார்கள். அதில் தப்பில்லை, அவர்களும் இப்போதுதான் தப்பாகச் சொல்லியிருந்தார்கள். தலைவரும் சிரித்து, "பாத்தீங்களா, அனுபவம் உள்ளவங்களையே ஏமாத்துது. இதுதான் இதோட சாமர்த்தியம்" என்றார். அதோடு முடிந்திருக்கும். வரப்பில் குடையோடு நின்ற மேஸ்திரி, நிலத்துக்காரரின் ஆள், விடவில்லை. படித்தவர்கள் முன்னால் அவனுக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்.

"நல்லா பாத்துக்குங்க சார். கூலியும் குட்த்து பயிரப் புடுங்க வுட்றோம். இதுங்களுக்கு எது நெல்லு எது புல்லுன்னு இன்னா தெரியும் சார். இதுங்க பொறப்பே அப்டி."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களுக்கு அந்தப் பேச்சு புதிது இல்லை. தினம் கேட்கிற வார்த்தை, மழைச்சத்தம் மாதிரி. நான் தலையைத் தூக்கவில்லை. அப்போது உன் குரல் கேட்டது.

"அவங்க என் பெரியம்மா."

"இன்னா சார்?"

"எங்க அம்மாவோட அக்கா. இதுங்க அதுங்கன்னு பேசாதீங்க."

மேஸ்திரி உன்னை ஷூவிலிருந்து மேலே மெதுவாகப் பார்த்தான். தலைக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு விளங்கிவிட்டது. "நீ காலனி டீச்சரம்மா புள்ளயா?" என்றான். ஒரு மூச்சுக்கு முன்னால் நீ சார். எந்தச் செடியும் இவ்வளவு வேகமாக மாறி நான் பார்த்ததில்லை.

"ஆமா" என்றாய். "அதோ நிக்கிறாங்க, எங்க அம்மா."

நான் நின்றுகொண்டிருக்கவில்லை, குனிந்துகொண்டிருந்தேன். நீ சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன். முட்டிவரை சேறு, கையில் ஒரு பிடி புல். உன் மாணவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண், ரெட்டைப் பின்னல் போட்டவள், கை கூப்பினாள். எனக்குக் கூப்பக் கை காலியாக இல்லை.

அஞ்சலைதான் முதலில் வாயைத் திறந்தாள். "நீ எதுக்குடா நைனா நடுவுல வந்த? நான்தானே தப்பா குட்த்தேன். இத்தினி பேரு மொறச்சிப் பாத்தா கையி ஒதறாதா? ஒங்க சாருக்கு இன்னா, நானு பரீட்சைக்கா படிச்சிகினு வந்தேன்?" என்றாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "அண்ணாத்த, புடுங்கின நாத்த நட்டுட்டேன், போதுமா? கொடய மடக்கு, மய எப்பவோ நின்னுட்ச்சி" என்றாள். அவன் குடையை மடக்கியேவிட்டான். அதற்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோம், பையன்களும். அவன் மறுநாள் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை, அதற்கு மறுநாளும் கூப்பிடவில்லை. பக்கத்து ஊர் வயலுக்குப் போனாள். அதை உனக்கு அப்போது சொல்லவேண்டாம் என்றாள். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நீ பேசியதற்கு வந்த தண்டனை உனக்கு மட்டும் வரவில்லை, அது உனக்குத் தெரிய வேண்டும்.

உன் தண்டனையும் வந்தது. பஸ்ஸில் வந்த மாணவர்களில் ஒருவன் உன் வீட்டுக்காரருக்கு உறவு. அந்த வார முடிவில் அவர் தம்பி குடிவரப்போவதாகச் சொல்லி அறையைக் காலிபண்ணச் சொன்னார். அவருக்குத் தம்பியே இல்லை என்று எழுதியிருந்தாய். நாக்பூரில் இருக்கலாம். பெரம்பூரில் ரயில்வே நண்பனோடு ஒண்டிக்கொண்டாய். கொசுக்கடி, கூரை ஒழுகுகிறது, கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன் என்று நினைப்பாய். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து, காலையில் வடித்த சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டேன். திருவல்லிக்கேணியிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் சோறு தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கும். அன்று தடையில்லாமல் இறங்கியது.

உன்னை நான் குறை சொல்லி முடிக்கப் போவதில்லை. ஏன் வரிசையில் போய் நின்றாய் என்று எனக்குத் தெரியும். பிடுங்குகிற கை இருக்கிற வரைக்கும் அந்த மாதிரிப் புல் முளைத்துக்கொண்டுதான் இருக்கும். புல்லைத் திட்டுவது சுலபம், அதனால்தான் எல்லாரும் அதைத் திட்டுகிறார்கள். அந்தப் பட்டணத்தில் வீடு கேட்டுப் போகிற நம் பிள்ளை எவனாக இருந்தாலும், முதல் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் இரண்டாவது கேள்வி வராது. ஆனால் ஒன்று. ஒரு ஊரில் களை தாங்கமுடியாமல் இலை ஊதாவாக இருக்கும் நெல்லைக் கொண்டுவந்து நட்டார்களாம். பச்சையாக நிற்பதையெல்லாம் பிடுங்கிவிடலாம் என்று. சில போகம் நன்றாக நடந்தது. பிறகு வயலில் இருந்த காட்டு நெல் அதோடு கலந்து, அதுவும் ஊதாவாக முளைக்க ஆரம்பித்துவிட்டது. இதையும் நீதான் சொன்னாய். பிடுங்குகிறவர்கள் அடையாளத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நீயும் நிறத்தை மாற்றிக்கொண்டே ஓட வேண்டும். இன்று பேர், நாளை பேச்சு, மறுநாள் சாப்பாடு, அதற்கும் அடுத்தது அம்மா. அந்த ஓட்டத்துக்கு முடிவே கிடையாது. புல்லால் ஓட்டத்தை நிறுத்த முடியாது. உன்னால் முடிந்தது. சேற்றில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

நீ கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பெண்ணிடமும் நீயே உண்மையைச் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். கல்லூரி நூலகத்தில் வேலைபார்க்கிறவளுக்கு மாணவர்கள் பேசுவது காதில் விழாமலா இருக்கும்? "தெரியும். நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாளாம். எனக்கு அவளை இன்னும் பார்க்காமலே பிடித்துவிட்டது. அவளோடு இருக்கும்போது உனக்குக் கோபம் வந்தால் உரக்கப் பேசு, ஆனால் எதையும் ஒளிக்காதே. ஒளித்துப் பழகினவனுக்கு அது கைப்பழக்கம் ஆகிவிடும், தேவையில்லாத இடத்திலும் செய்வான். பிள்ளைகள் பிறந்தால் விடுமுறைக்கு இங்கே அனுப்பு. வயலில் இறங்கட்டும், கூலிக்கு இல்லை, எது எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்கு.

நேற்று அழைப்பிதழின் மாதிரி வந்தது. மஞ்சள் தாள், நல்ல எழுத்து. பெண்ணின் மாமா எழுதிக்கொடுத்தது என்கிறாய். அவர்கள் பக்கத்தில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் ஒவ்வொருவர் பேரின் கீழும் தாலுக்கா ஆபீஸ், மின்சார வாரியம், மளிகைக் கடை என்று வேலையும் ஊரும் போட்டிருக்கிறது. நம் பக்கத்தில் என் பேர் மட்டும். அதன் கீழே "ஆசிரியை, செங்கல்பட்டு". நான் செங்கல்பட்டில் குடியிருந்ததே இல்லை. ரயில் ஏறுவதற்குத்தான் அங்கே போவேன். நம் ஊருக்குப் பேர் இருக்கிறது, ஊருக்கு வெளியே நாம் இருக்கும் இடத்துக்கும் பேர் இருக்கிறது, தபால்காரர் அதைப் படித்துத்தான் உன் கடிதங்களைக் கொண்டுவருகிறார். மாமா சுருக்கமாக இருக்கட்டும் என்றாராம். தன் பக்கத்தில் அவர் ஒன்றையும் சுருக்கவில்லை.

அதனால் அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் என் பேருக்குக் கீழே ஊரின் பேரையும் காலனி என்ற வார்த்தையையும் போடு. அதற்கு மேல், அவள் மூத்தவள் என்பதால் மேல், இன்னொரு வரி சேர்: அஞ்சலை, மணமகனின் பெரியம்மா, வயல் வேலை. மற்றவர்களுக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவு எழுத்தில். மாமாவிடம் நீயே போய்ச் சொல், பெண்ணை அனுப்பாதே. போடுவாயா, மாட்டாயா?